வீட்டுக் கடனை முன்னதாக அடைப்பதா, மிச்சத்தை முதலீடு செய்வதா? மூன்று வழிகளின் ஒப்பீடு

முதல் வீடு வாங்கி இரண்டு மூன்று வருடம் ஓடியதும் பலருக்கும் இந்தக் கேள்வி வந்துவிடும். சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கும், மாதம் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ மிஞ்சத் தொடங்கியிருக்கும். அதைக் கடனில் கட்டிச் சீக்கிரம் முடித்துவிடலாமா, இல்லை எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் ஒரு தொகை) போடலாமா? "கடன் தலைக்கு மேல இருக்கும்போது என்ன முதலீடு வேண்டிக் கிடக்கு" என்பார் அப்பா. "இருக்கிற கடன்லயே இதுதான் மலிவு, இதைப் போய் யாராவது அடைப்பாங்களா" என்பார் ஆபீஸ் நண்பர். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் நிலைமைக்குச் சரிதான். அப்பா காலத்தில் வீட்டுக் கடன் வட்டி இரட்டை இலக்கத்தில் இருந்தது. நண்பருக்கு ஒருவேளை கல்யாணம் ஆகாமல், அப்பாவின் ஓய்வூதியமும் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கலாம்.

இந்த இரண்டோடு ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் என்ற மூன்றாவது வழியையும் பார்ப்போம். கட்டுரை முழுவதும் ஒரே கடனை வைத்துக் கணக்குப் போடுகிறேன்: 50 லட்சம் ரூபாய், 8.5% வட்டி, 20 வருடம். இதற்கு மாதத் தவணை 43,391 ரூபாய். உங்கள் வட்டி கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம். தொகைகள் மாறும், கணக்கின் போக்கு மாறாது.

## கடன் எப்படிக் கரைகிறது

முதல் மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள். 43,391 ரூபாயில் வட்டி மட்டும் 35,417. அசலில் கழிவது 7,974. ஐந்து வருடம் ஒரு தவணையும் தவறாமல் கட்டி முடிக்கும்போது கையை விட்டுப் போனது 26 லட்சம், பாக்கி நிற்பது 44.06 லட்சம். அதாவது 50 லட்சத்தில் ஆறு லட்சம்கூட இறங்கியிருக்காது. 20 வருடத்தில் மொத்த வட்டி 54 லட்சம், வாங்கிய கடனைவிட அதிகம்.

இதைப் பார்த்து வங்கி முதலில் வட்டியை எடுத்துக்கொண்டு அப்புறம்தான் அசலைத் தொடுகிறது என்று சிலர் கோபப்படுவார்கள். சூழ்ச்சி எதுவும் இல்லை. எந்த மாதம் எவ்வளவு பாக்கியோ அதற்கு மட்டும்தான் வட்டி. ஆரம்பத்தில் பாக்கி பெரிது, அதனால் வட்டியும் பெரிது. இதைப் புரிந்துகொண்டால், முன்னதாகக் கட்டுவது என்றால் என்ன என்பதும் புரிந்துவிடும்: கடனில் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு ரூபாயும் வருடத்துக்கு 8.5% சம்பாதிக்கிறது. இரண்டாம் வருடத்தில் போட்டாலும் பன்னிரண்டாம் வருடத்தில் போட்டாலும் அதே 8.5% தான். ஆரம்பத்தில் போட்டால் மிச்சம் அதிகம் என்பது உண்மை. அந்தப் பணம் அதிக வருடம் வேலை செய்கிறது, அதுதான் காரணம். இரண்டாம் வருட முடிவில் 5 லட்சம் கட்டினால் மொத்த வட்டியில் 14.6 லட்சம் மிச்சம், பன்னிரண்டாம் வருட முடிவில் கட்டினால் 4.2 லட்சம்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

வரி போகக் கையில் நிற்பது எவ்வளவு? அது நிச்சயமா, எதிர்பார்ப்பா? அவசரத்துக்குப் பணத்தைத் திரும்ப எடுக்க முடியுமா? வெளியே தெரியாத செலவு என்ன? கடைசியாக, இதை நீங்கள் பத்துப் பதினைந்து வருடம் விடாமல் செய்வீர்களா?

முதல் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். என் கணக்கில் மூன்றாவதுதான் முக்கியம். கடனில் கட்டிய பணம் உங்கள் பணம்தான், ஆனால் உங்கள் கையில் இல்லை.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒரு விஷயத்தை ஒதுக்கிவிடலாம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80% வரைதான் கிடைக்கும், அந்த மதிப்பில் பத்திரச் செலவு சேராது. ஆக 62.5 லட்ச ரூபாய் வீட்டுக்கு 50 லட்சம் கடன் கிடைத்தாலும், கையிலிருந்து 12.5 லட்சமும் பத்திரத்துக்கு ஐந்தரை லட்சத்துக்கு மேலும் போட வேண்டும். அப்புறம் கப்போர்டு வேலை, மின்விசிறி, கிரில். இந்த இடத்தில்தான் நகை அடகுக்குப் போகிறது, பர்சனல் லோன் வருகிறது, சீட்டை முன்னதாகத் தள்ளி எடுக்கிறோம். அந்தக் கடன்களில் ஏதாவது இன்னும் பாக்கி இருந்தால் கீழே உள்ள எந்த ஒப்பீடும் உங்களுக்கு இப்போது வேண்டாம். வட்டி அதிகமானதை முதலில் முடியுங்கள். கிரெடிட் கார்டு பாக்கியை வைத்துக்கொண்டு வீட்டுக் கடனைக் குறைப்பது சுத்த நஷ்டம்.

## வழி 1: கூடுதலாகக் கட்டி முன்னதாக முடிப்பது

எவ்வளவு மிச்சமாகும்

மாதம் 5,000 ரூபாய் கூடுதலாக முதல் மாதத்திலிருந்தே கட்டினால் 20 வருடக் கடன் பதினைந்தரை வருடத்தில் முடியும், வட்டியில் சுமார் 13.9 லட்சம் மிச்சம். வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாக, அதாவது போனஸ் வரும்போது ஒரு 43,391 கட்டினால், 16 வருடம் 9 மாதத்தில் முடியும், சுமார் 10 லட்சம் மிச்சம். சம்பளம் ஏற ஏற நீங்கள் கட்டும் தொகையை ஆண்டுக்கு 5% ஏற்றிக்கொண்டே போனால் பன்னிரண்டு வருடத்துக்குச் சற்று மேலே கடன் காலி. மூன்றில் எனக்குப் பிடித்தது கடைசி வழிதான். முதல் வருடம் வலி இல்லை, பிறகும் சம்பள உயர்வுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

நிச்சயம்

கட்டுரையில் ஒப்பிடும் மூன்று வழிகளில் முன்னதாக அடைப்பதுதான் மிக உறுதியானது. சேமிக்கும் வட்டிக்கு வருமான வரியும் இல்லை. 30% வரிப் பிரிவில் இருப்பவர் செஸ் சேர்த்து 31.2% கட்டுகிறார். அவருக்கு எஃப்டியில் வரி போக 8.5% நிற்க வேண்டுமானால் வங்கி 12.35% வட்டி தர வேண்டும். எந்த வங்கி தருகிறது?

"வரிச் சலுகை போய்விடுமே"

இதைச் சொல்லாதவர் இல்லை. புதிய வரி முறையில் இருப்பவருக்கு, தான் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. போவதற்கு ஒன்றும் இல்லை. பழைய முறையில் 24(பி) என்று நாம் பழகிய பிரிவில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம். நம் உதாரணக் கடனுக்கு முதல் வருட வட்டியே 4 லட்சத்துக்கு மேல். முன்னதாகக் கட்டும்போது முதலில் குறைவது சலுகை கிடைக்காத மேல் பகுதி வட்டிதான். பாக்கி 23.5 லட்சத்துக்குக் கீழே இறங்கும் வரை உங்கள் கழிவில் ஒரு ரூபாயும் குறையாது. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வாங்கிய கடன், இருவரும் பழைய முறை என்றால் மட்டும் கணக்கு வேறு: ஆளுக்கு 2 லட்சம் கழிவு என்பதால் பாக்கி 47 லட்சத்துக்குக் கீழே வந்ததுமே சலுகை குறையத் தொடங்கும். அவர்கள் பொறுமையாக இருக்கலாம்.

காலத்தைக் குறைப்பதா, தவணையைக் குறைப்பதா

மொத்தமாகக் கட்டும்போது வங்கிப் படிவத்தில் இந்தத் தேர்வு ஒரு ஓரத்தில் இருக்கும். இரண்டாம் வருட முடிவில் 5 லட்சம் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். தவணையை அப்படியே விட்டுக் காலத்தைக் குறைத்தால் 45 மாதம் முன்னதாக முடியும், மிச்சம் 14.6 லட்சம். காலத்தை அப்படியே விட்டுத் தவணையைக் குறைத்தால் மாதம் 4,527 குறைந்து 38,864 ஆகும், மிச்சம் 4.8 லட்சம் மட்டுமே. பத்து லட்சம் வித்தியாசம்! அதனால் காலத்தைத்தான் குறைக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள்.

அவசரப்பட வேண்டாம். தவணையைக் குறைத்துக்கொண்டு, குறைந்த அந்த 4,527-ஐ மாதாமாதம் நீங்களாகவே கூடுதலாகக் கட்டிக்கொண்டு வந்தால் கடன் அதே 45 மாதம் முன்னதாகத்தான் முடியும். ஆனால் வேலை போன மாதத்தில் 43,391 கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருக்காது, 38,864 போதும். கட்டுப்பாடு உள்ளவருக்கு இது இன்னும் நல்ல வழி. மாதம் 4,527 ரூபாய் மிச்சமானால் அது எங்கே போகிறது என்றே தெரியாதவர்களுக்குக் காலத்தைக் குறைப்பதுதான் பாதுகாப்பு.

தெரியாத செலவுகள்

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்னதாக அடைக்க வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டிக் கடனுக்கு அந்தப் பாதுகாப்பு அப்படியே பொருந்தாது. ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். முதல் சில வருடம் நிலையான வட்டி, பிறகு மாறும் வட்டி என்று கலந்து தரும் கடன்களில் இதைக் கவனிக்கத் தவறுகிறவர்கள் நிறைய.

கட்டிய பணம் எங்கே ஏறியது என்றும் பார்க்க வேண்டும். ஆப்பில் பணம் செலுத்தும்போது "பகுதி முன்செலுத்தல்" என்று ஒன்றும் "தவணை" என்று ஒன்றும் இருக்கும். தவணைப் பக்கம் போட்டுவிட்டால் சில இடங்களில் அது அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாகக் கிடக்கும், அசல் குறையாது. அடுத்த ஸ்டேட்மென்ட்டில் அசல் இறங்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

ஆனால் பெரிய செலவு இவை எதுவும் இல்லை. 5 லட்சம் முன்னதாகக் கட்டியவருக்கும் அடுத்த மாதம் ஐந்தாம் தேதி தவணை முழுசாக வரும். "போன மாதம்தான் அஞ்சு லட்சம் கட்டினேனே, ரெண்டு மாதம் பொறுங்கள்" என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் டாப்-அப் கடன் (அதே வீட்டின் மீது கூடுதல் கடன்) கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், ஆனால் சம்பளச் சீட்டு கேட்பார்கள். வேலை போனதால்தான் பணம் வேண்டும் என்கிறபோது அது எங்கிருந்து வரும்? கடைசியில் 8.5% கடனை அடைத்த கையோடு அதைவிட அதிக வட்டிக்குப் பர்சனல் லோன் வாங்குவார்கள். முன்னதாக அடைப்பதால் கிடைத்த லாபம் அங்கேயே போய்விடும்.

எப்போது இது சரி

ஆறு மாதத் தவணையும் வீட்டுச் செலவும் தனியாக எடுத்து வைத்திருப்பவருக்கு. ஓய்வுபெற இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடமே இருக்கும்போது பதினெட்டு வருடக் கடன் பாக்கி வைத்திருப்பவருக்கு. சந்தை இறங்கினால் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து போனைப் பார்ப்பவருக்கு.

## வழி 2: தவணையை மட்டும் கட்டி, மிச்சத்தை முதலீடு செய்வது

எவ்வளவு கிடைக்கும்

இங்கேதான் கணக்கில் பெரிய குழப்பம் நடக்கிறது. "முன்னதாக அடைத்தால் மிச்சம் 13.9 லட்சம், எஸ்ஐபி போட்டால் 43 லட்சம்" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுவார்கள். இது ஒப்பீடே இல்லை. முன்னதாக அடைத்தவருக்குக் கடைசி நாலரை வருடம் மாதம் 48,391 ரூபாய் கையில் நிற்கிறது. அவர் அதை முதலீடு செய்தால் என்ன ஆகும் என்று பார்த்தால்தான் நியாயம். இரண்டு பேருக்கும் 20 வருட முடிவில் கையில் எவ்வளவு இருக்கும் என்பது இதோ, முதலீட்டு வரிக்கு முன்:

| முதலீட்டின் ஆண்டு வருமானம் | மாதம் 5,000 எஸ்ஐபி, 20 வருடம் | கடனை முன்னதாக முடித்து, பிறகு மாதம் 48,391 முதலீடு |
|---|---|---|
| 7% | 26.0 லட்சம் | 30.3 லட்சம் |
| 8.5% | 31.4 லட்சம் | 31.3 லட்சம் |
| 11% | 43.3 லட்சம் | 33.2 லட்சம் |

8.5 சதவீதத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. அதுதான் எல்லைக்கோடு: வரி போக உங்கள் கடன் வட்டியைவிட அதிகம் சம்பாதிக்கும் முதலீடு இருந்தால் முதலீடு வெல்லும், இல்லையென்றால் இல்லை. 11% வரிசையில் பத்து லட்ச வித்தியாசம் பங்கு நிதிகளின் நீண்டகால ஆதாயத்துக்கு இப்போது உள்ள 12.5% வரியைக் கழித்தால் ஏழு லட்சத்துக்கு இறங்கும். அப்போதும் அது சின்னத் தொகை இல்லை.

எஃப்டி இந்தப் போட்டியிலேயே இல்லை. 7% எஃப்டியில் 30% வரிப் பிரிவுக்காரருக்கு நிற்பது 4.8%. பிபிஎஃப்பின் 7.1 சதவீதத்துக்கு வரி இல்லை, ஆனாலும் 8.5-ஐ எட்டாது. பங்குச் சந்தை நிதிகள் மட்டும்தான் நிஜமான போட்டியாளர்.

நிச்சயம்

11% என்பது எதிர்பார்ப்பு, வாக்குறுதி இல்லை. 2008-இல் சென்செக்ஸ் உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே போனது. 2020 மார்ச்சில் சில வாரங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்தது. இரண்டு முறையும் மீண்டது. ஆனால் அந்த இரண்டு காலத்திலும்தான் வேலைகளும் போயின. சந்தை விழுவதும் சம்பளம் நிற்பதும் ஒரே சமயத்தில் வரும் என்பதை எந்த எஸ்ஐபி கால்குலேட்டரும் காட்டாது.

எடுக்க முடியுமா

முடியும், விற்ற சில நாளில் பணம் கணக்குக்கு வந்துவிடும். இந்த வழியின் உண்மையான பலம் இதுதான், வருமானத்தைவிட. பத்து லட்சம் நிதியில் சேர்ந்திருந்தால் ஏறக்குறைய இரண்டு வருடத் தவணையை எந்தக் கேள்வியும் இல்லாமல் கட்டலாம்.

தெரியாத செலவு

பணத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. எடுக்க முடியும் என்பதாலேயே எடுப்போம். நாலாவது வருடம் கார், ஆறாவது வருடம் மச்சினன் கல்யாணம், நடுவில் சந்தை விழுந்த பயத்தில் ஆறு மாதம் நிறுத்தம். இருபது வருடம் தொடாமல் வைத்திருப்பவருக்குத்தான் மேலே உள்ள 43 லட்சம். கூடவே வட்டி ஏறும் ஆபத்தும் இருக்கிறது. கடன் பெரிதாகவே நிற்பதால் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) ஏறும்போதெல்லாம் முழு அடியும் உங்களுக்கு விழும். அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

எப்போது இது சரி

வயது முப்பதைச் சுற்றி இருந்து, ஓய்வுக்கால சேமிப்பு என்று இன்னும் எதுவும் தொடங்காதவருக்கு. எல்லாப் பணத்தையும் செங்கல்லில் போட்டுவிட்டு ஐம்பது வயதில் வீடு மட்டும் சொந்தமாக, வங்கிக் கணக்கில் எதுவும் இல்லாமல் நிற்பதும் ஒரு ஆபத்துதான். பிஎஃப்பில் தான் போடுவதோடு கம்பெனியும் அதன் பங்கைப் போடும் இடத்தில் வேலை செய்பவர் அதை விடக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

## வழி 3: ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன்

இதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு, கடன் வாங்கும்போது பல கிளைகளில் சொல்வதும் இல்லை. எஸ்பிஐயின் மேக்ஸ்கெயின் இந்த வகை. கடன் ஒரு ஓவர்டிராஃப்ட் கணக்காக இருக்கும். மிஞ்சிய பணத்தை அதில் போட்டால் அந்த அளவுக்கு வட்டி கிடையாது, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முன்னதாகக் கட்டியதன் லாபமும் உண்டு, பணமும் கைக்கெட்டும் தூரத்தில்.

எவ்வளவு மிச்சம்: கடன் வட்டி அளவுக்கு, பணம் அங்கே கிடக்கும் நாள் வரை.

தெரியாத செலவு: சாதாரணக் கடனைவிட வட்டி கொஞ்சம் கூட. 0.3% கூடுதல் என்று வைத்தால், 44 லட்சம் பாக்கிக்கு வருடம் 13,200 ரூபாய் இதற்காகவே போகிறது. அதே பணம் எஃப்டியில் இருந்தால் வரி போக 5% தந்திருக்கும், இங்கே 8.8% மிச்சப்படுத்துகிறது. லாபம் 3.8%. அப்படியானால் 13,200-ஐ ஈடுகட்டவே வருடம் முழுக்கச் சராசரியாக மூன்றரை லட்சம் அந்தக் கணக்கில் கிடக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் சாதாரணக் கடனும் எஃப்டியுமே லாபம். மாதக் கடைசியில் பத்தாயிரம் மட்டும் மிஞ்சுகிறவர் இதைத் தேடிப் போக வேண்டாம். இன்னொன்று, அங்கே போட்டு வைப்பது அசல் திருப்பிக் கட்டியதாகக் கணக்கில் வராது, பழைய வரி முறையில் 80சி சலுகைக்குத் தவணையில் உள்ள அசல் பங்கு மட்டும்தான் உதவும்.

எப்போது இது சரி: வருமானம் சீராக இல்லாதவருக்கு. கடை வைத்திருப்பவர், டாக்டர், கமிஷன் வேலை, கப்பல் வேலை என்று ஒரு மாதம் நிறைய வந்து மூன்று மாதம் எதுவும் வராதவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. அவசரகாலத் தொகையாக எட்டு பத்து லட்சம் எஃப்டியில் தூங்க வைத்திருக்கும் குடும்பத்துக்கும் சரி.

## பக்கத்தில் பக்கத்தில்

| அளவுகோல் | முன்னதாக அடைப்பது | முதலீடு | ஓவர்டிராஃப்ட் கடன் |
|---|---|---|---|
| வரி போக வருமானம் | கடன் வட்டி அளவு | கூடவோ குறையவோ | கடன் வட்டி அளவு, கூடுதல் வட்டி கழித்து |
| நிச்சயம் | முழுசாக | இல்லை | முழுசாக |
| அவசரத்துக்கு எடுப்பது | முடியாது | சில நாளில் | உடனே |
| வட்டி ஏறினால் | பாதிப்பு குறைவு | முழு பாதிப்பு | போட்டு வைத்த அளவுக்குப் பாதுகாப்பு |
| எங்கே தவறும் | கையிருப்பு இல்லாமல் அடைப்பது | பாதியில் நிறுத்துவது, எடுப்பது | எடுத்துச் செலவழிப்பது |

## வட்டி ஏறும்போது

2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தந்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு, கட்டப்பட்டவை என்பதால் ஏற்றம் முழுக்க அப்படியே வந்து இறங்கியது. 6.75% வட்டிக்கு 50 லட்சம் வாங்கியவரின் 20 வருடத் தவணை 38,018. வட்டி 9.25% ஆனால் 50 லட்சம் பாக்கிக்கு ஒரு மாத வட்டி மட்டும் 38,542. தவணை வட்டிக்கே போதவில்லை! தவணையை ஏற்றாமல் காலத்தை மட்டும் நீட்டிய பலருக்கு, தாங்கள் ஓய்வுபெறும் வயதைத் தாண்டிக் கடன் ஓடுகிறது என்பது ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

இதன் பிறகு, 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும். நிலையான வட்டிக்கு மாறவும் வாய்ப்புத் தர வேண்டும் என்று அப்போது இருந்தது, 2025 அக்டோபர் முதல் அது வங்கியின் விருப்பம். கேட்டுக் குறுஞ்செய்தி வரும்போது பதில் போடுங்கள். முடிந்தால் தவணையை ஏற்றிக்கொள்ளுங்கள். வட்டி இறங்கும்போது இன்னும் நல்லது: தவணையைக் குறைக்கச் சொல்லாமல் அப்படியே விட்டால், ஒரு படிவமும் நிரப்பாமல் முன்னதாக அடைக்கும் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

வேறு வங்கிக்கு மாறுவது பற்றிச் சுருக்கமாக. 44 லட்சம் பாக்கி, 15 வருடம் மீதி என்றால் அரை சதவீதம் குறைந்தால் மாதம் 1,280 ரூபாய் குறையும், மொத்தம் 2.3 லட்சம். அதில் புதிய வங்கியின் செயலாக்கக் கட்டணம், வக்கீல் கருத்து, மதிப்பீடு, மறுபடியும் எம்ஓடி (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான ஆவணம்) பதிவு எல்லாம் கழியும். முதலில் இருக்கும் வங்கியிடமே புது வாடிக்கையாளருக்குத் தரும் வட்டியைக் கேளுங்கள். ஒரு சின்ன மாற்றுக் கட்டணத்தோடு பல சமயம் முடிந்துவிடும். பாக்கி காலம் ஐந்து வருடத்துக்குக் கீழே என்றால் இந்த அலைச்சல் வேண்டாம்.

## யாருக்கு எது

முப்பது வயது, இருவரும் வேலை, புதிய வரி முறை: ஆறு மாதச் செலவைச் சேருங்கள், அதற்குப் பிறகு மிஞ்சுவதைப் பாதி கடனுக்கும் பாதி பங்கு நிதிக்கும் பிரியுங்கள். பாதி பாதி என்றால் கணிதப்படி எங்கும் முதலிடம் வராது, ஆனால் எந்தப் பக்கம் தவறினாலும் முழுசாகத் தவற மாட்டீர்கள்.

நாற்பத்தைந்து வயது, ஒருவர் சம்பளம், பிள்ளைகள் கல்லூரியை நெருங்குகிறார்கள்: கல்லூரிக் கட்டணத்தைக் கையில் வையுங்கள், கடனில் போடாதீர்கள். கல்விக் கடன் பெரும்பாலும் வீட்டுக் கடனைவிட வட்டி கூட. அந்தச் செலவு முடிந்த பிறகு வேகமாக அடைக்கலாம்.

கட்டிமுடியாத ஃபிளாட் வாங்கி, கட்டும் காலத்தில் வட்டி மட்டும் கட்டுகிறவர்: வாடகையும் இந்த வட்டியும் சேர்ந்து அழுத்தும்போது முன்னதாகக் கட்டுவது பற்றியெல்லாம் யோசிக்க வேண்டாம். ஆனால் அந்த வட்டியால் அசல் ஒரு ரூபாயும் குறையாது என்பது தெரிந்திருக்கட்டும். வாடகை இல்லாமல் பெற்றோர் வீட்டில் இருப்பவர் என்றால், முழுத் தவணையை இப்போதே தொடங்கக் கேட்கலாம்.

எந்தப் பிரிவாக இருந்தாலும் சம்பாதிப்பவர் பெயரில் கடன் அளவுக்காவது ஒரு டேர்ம் இன்சூரன்ஸ் (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) இருக்கட்டும். கடனோடு சேர்த்து ஒரே தடவை பிரீமியம் என்று வங்கி நீட்டும் பாலிசியின் பிரீமியத்தையும் கடனிலேயே ஏற்றிவிடுவார்கள், அதற்கும் இருபது வருடம் வட்டி. தனியாக எடுத்தால் பெரும்பாலும் மலிவு, கடன் முடிந்த பிறகும் காப்பு தொடரும்.

## கடைசித் தவணைக்குப் பிறகு

கடன் முடிந்ததும் அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தாமதமானால் அவர்கள் தரப்புத் தவறுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. வங்கி கொடுத்த பட்டியலை வைத்துத் தாய்ப் பத்திரம் உட்பட ஒவ்வொன்றையும் எண்ணி வாங்குங்கள். பாக்கி இல்லை என்ற சான்றிதழோடு பலர் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி பதிவாகியிருந்தால், அது தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் அங்கேயே பதிவாக வேண்டும். அதற்கு வங்கி அதிகாரி கையெழுத்துப் போட நேரில் வர வேண்டியிருக்கும், தேதியை அப்போதே பேசிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, அந்த ரசீது ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். சிபில் அறிக்கையில் (உங்கள் கடன் வரலாறு) கடன் முடிந்ததாகக் காட்டச் சில வாரம் ஆகும்.